கிராபிக்ஸ் கார்டு காத்திருந்தால்தான் ப்ராசசரை மாற்ற வேண்டும்

கேள்வி: 2020ல் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். ரைசன் 5 3600 ப்ராசசர், பெட்டியோடு வந்த ஃபேன், பி450 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 3200 ராம் (ஒரே ஸ்டிக்), எஸ்எஸ்டி, விண்டோஸ் 10. பிறகு வாங்கிப் போட்டது ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கார்டு. மானிட்டர் 1080பி, 144 ஹெர்ட்ஸ். பெரம்பூரில் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை, ஏசி இல்லை. நானும் மகனும் விளையாடுகிறோம். வேலரன்ட் கேமில் 150 எஃப்பிஎஸ் (நொடிக்கு வரும் ஃபிரேம்கள்) வந்தாலும் எதிரிகள் ஒன்றாக வரும்போது 85, 90 என்று விழுகிறது. சைபர்பங்க் 2077ல் 60க்கு மேல் வருகிறது, ஆனால் கூட்டமான தெருக்களில் விட்டு விட்டு நிற்கிறது. எல்டன் ரிங் 60ஐத் தாண்டுவதே இல்லை. ஒரு கடையில் "ப்ராசசர் பழசு, போர்டு, ராம் எல்லாம் சேர்த்து மாத்திடுங்க" என்றார்கள். இன்னொரு கடையில் "டாஸ்க் மேனேஜர்ல ப்ராசசர் 45 சதவீதம்தான் காட்டுது, அதுல பிரச்சினை இல்ல, கார்டை மாத்துங்க" என்றார்கள். கையில் முப்பதாயிரம் இருக்கிறது. யார் சொல்வது சரி? விண்டோஸ் 11 போடவும் ப்ராசசரை மாற்ற வேண்டுமா?

— பெரம்பூர் வாசகர்

பதில்: வணக்கம். இரண்டு கடைக்காரர்கள் சொன்னதையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். உங்கள் ப்ராசசரை மாற்ற வேண்டி வரலாம், ஆனால் இன்றைக்கே அல்ல. மதர்போர்டை மாற்றத் தேவையில்லை. கடிதத்திலேயே ப்ராசசரின் கையைக் கட்டிப்போடும் இரண்டு விஷயங்கள் தெரிகின்றன: ஒற்றை ராம் ஸ்டிக், மொட்டை மாடிச் சூடு. இரண்டையும் சரிசெய்யாமல் எந்த ப்ராசசரைப் பூட்டினாலும் கொடுத்த காசுக்குப் பாதிப் பலன்தான் கிடைக்கும்.

முதலில் அந்த 45 சதவீதக் கணக்கைத் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் பலரைத் தவறான பொருளை வாங்க வைப்பது இந்த எண்தான். 3600க்கு 6 கோர் (கணக்குப் போடும் பகுதி), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). டாஸ்க் மேனேஜர் காட்டுவது பன்னிரண்டின் சராசரி. ஒரே ஒரு த்ரெட் மூச்சு முட்ட வேலை செய்தாலும் மொத்தக் கணக்கில் அது 8 சதவீதம்தான். பெரும்பாலான கேம்களில் ஒன்றிரண்டு த்ரெட்கள்தான் முக்கிய வேலையைச் சுமக்கும். மற்றவை அவற்றுக்காகக் காத்திருக்கும். ஆகவே 45 சதவீதம் காட்டும்போதே ப்ராசசர் தன் எல்லையைத் தொட்டிருக்கலாம். தனித்தனி கோர் வரைபடத்தைப் பார்த்தாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. விண்டோஸ் அந்த வேலையைக் கோர் விட்டுக் கோர் நகர்த்திக்கொண்டே இருப்பதால் எதுவும் 100ஐத் தொடாமல் இருக்கலாம்.

அதனால் பார்க்க வேண்டியது ப்ராசசரின் சதவீதத்தை அல்ல, கிராபிக்ஸ் கார்டின் சதவீதத்தை. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எதை எங்கே வரைய வேண்டும் என்று கணக்குப் போட்டு அனுப்புவது ப்ராசசர், வரைவது கார்டு. ஓட்டலில் சர்வர் ஆர்டர் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் மாஸ்டர் தோசை ஊற்ற முடியும். சீட்டு தாமதமாக வந்தால் கல் காய்ந்துகொண்டு சும்மா கிடக்கும். கார்டு 95 சதவீதத்துக்கு மேல் ஓடினால் அது முழு வேலையில் இருக்கிறது. ப்ராசசரை மாற்றி ஒரு பயனும் இல்லை. எஃப்பிஎஸ்ஸுக்கு எந்தத் தடுப்பும் போடாத நிலையிலும் கார்டு 85க்குக் கீழே கிடந்தால், அது ப்ராசசருக்காகவோ ராமுக்காகவோ காத்திருக்கிறது.

அளப்பது சுலபம். என்விடியா ஆப் போட்டு, கேமுக்குள் ஆல்ட், ஆர் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் எஃப்பிஎஸ், ஒரு சதவீத லோ, கார்டின் பயன்பாடு எல்லாம் திரை ஓரத்தில் வரும். ஒரு சதவீத லோ என்பது மிக மெதுவாக வந்த ஃபிரேம்களின் அளவு. சராசரி 150 இருந்தும் ஆட்டம் தடுக்குகிறது என்றால் காரணம் இந்த எண்ணில்தான் தெரியும். அளப்பதற்கு முன் கேமில், எஃப்பிஎஸ்ஸை மானிட்டரின் வேகத்தோடு கட்டிவைக்கும் வி-சிங்க்கை அணையுங்கள். கேமிலும் என்விடியா கண்ட்ரோல் பேனலிலும் உச்ச எஃப்பிஎஸ் வரம்பு வைத்திருந்தால் அதையும் நீக்குங்கள். வரம்பு இருந்தால் கார்டு வேண்டுமென்றே ஓய்வெடுக்கும். அதைப் பார்த்து ப்ராசசர் மீது பழி போடக் கூடாது. உங்கள் எல்டன் ரிங் விஷயம் அதுதான். கணினியில் அந்த கேம் 60 எஃப்பிஎஸ்ஸுக்கு மேல் போகாதபடி தயாரித்தவர்களே பூட்டி வைத்திருக்கிறார்கள். உலகின் மிக வேகமான ப்ராசசரைப் போட்டாலும் 60தான். அதைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

அடுத்த சோதனைதான் இதில் மிக முக்கியம், காசும் செலவில்லை. வழக்கமாகத் தடுக்கும் அதே இடத்துக்குப் போங்கள். எஃப்பிஎஸ்ஸைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரெசல்யூஷனை மட்டும் 1080லிருந்து 720க்கு இறக்குங்கள். சைபர்பங்கில், குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ்ஸைக் குவாலிட்டியிலிருந்து பெர்ஃபாமன்ஸுக்கு மாற்றினாலும் போதும். வேறு எந்த செட்டிங்கையும் தொடாதீர்கள். குறிப்பாக ரே டிரேசிங், கூட்டத்தின் அடர்த்தி, தூரக் காட்சி ஆகியவை ப்ராசசரின் சுமையையும் மாற்றிவிடும். ரெசல்யூஷன் குறைந்தால் கார்டின் வேலை குறையும், ப்ராசசரின் வேலை ஏறக்குறைய அப்படியே இருக்கும். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் தடை கார்டில். அசையவே இல்லை என்றால் தடை ப்ராசசர் பக்கத்தில்.

இந்தச் சோதனை இன்னொன்றையும் சொல்லிவிடுகிறது. 720ல் அந்த இடத்தில் வரும் எஃப்பிஎஸ்தான் உங்கள் ப்ராசசரால் தர முடிந்த உச்சம். கார்டை எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்தத் தெருவில் அதைத் தாண்டாது. அந்த உச்சமே உங்களுக்குப் போதும் என்றால் ப்ராசசருக்காக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். சைபர்பங்கில் உச்சம் 80 வந்து, உங்களுக்கு 60 சீராக வந்தால் போதும் என்றால் விஷயம் அங்கேயே முடிந்தது. வேலரன்டில் 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு ஒவ்வொரு ஃபிரேமும் 6.9 மில்லிசெகண்டுக்குள் வர வேண்டும். 90 எஃப்பிஎஸ் என்றால் 11 மில்லிசெகண்ட். கை உணரும் தடுமாற்றம் இந்த வித்தியாசம்தான்.

நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், வேலரன்டில் தடை அநேகமாக ப்ராசசர் பக்கம்தான். அந்த கேம் 3060க்கு ஒரு பொருட்டே இல்லை. சைபர்பங்க் வேறு கதை: வெட்டவெளியில் கார்டு முழு வேலையில் இருக்கும், கூட்டமான தெருவுக்கு வந்ததும் சுமை ப்ராசசருக்கு மாறும். அங்கே கேம்ப்ளே பகுதியில் உள்ள கூட்ட அடர்த்தியை ஒரு படி இறக்கிப் பாருங்கள். தடுமாற்றம் குறைந்தால் நோய் எங்கே என்று தெரிந்துவிடும்.

இப்போது ராம். நீங்கள் ஒரே ஸ்டிக்கில் 16 ஜிபி வைத்திருப்பதுதான் என்னை முதலில் நிறுத்தியது. டிடிஆர்4 3200 ஒரு ஸ்டிக் செகண்டுக்கு 25.6 ஜிபி தகவலைக் கடத்தும். இரண்டு ஸ்டிக் இரண்டு சேனலில் இருந்தால் 51.2 ஜிபி. பாதி வழியை அடைத்துவைத்துவிட்டு ப்ராசசர் மெதுவாக ஓடுகிறது என்று சொல்வது நியாயமில்லை. 3600க்கு இது கூடுதலாக வலிக்கும். அதன் 32 எம்பி எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகம்) ஒரே துண்டாக இல்லை. மூன்று கோருக்கு 16 எம்பி என்று இரண்டாகப் பிரிந்திருக்கிறது. கேஷில் கிடைக்காத தகவலுக்கெல்லாம் ராம் வரை போய் வர வேண்டும்.

அதோடு, உங்கள் ராம் 3200ல்தான் ஓடுகிறதா என்பதையும் பாருங்கள். ஸ்டிக்கின் மேல் 3200 என்று அச்சிட்டிருந்தாலும் பயாஸில் (போர்டின் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பியை (ராமை அச்சிட்ட வேகத்தில் ஓட்டும் செட்டிங்) இயக்காவிட்டால் பெரும்பாலும் 2133, 2400, 2666 என்று ஏதாவது ஒரு குறைந்த வேகத்தில்தான் ஓடும். கடைகளில் அவசரமாக அசெம்பிள் செய்து கொடுக்கும் மெஷின்களில் இந்த ஒரு செட்டிங் விடுபட்டுப்போவது மிகச் சாதாரணம். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ், மெமரி என்று போனால் வேகமும் எத்தனை ஸ்லாட் நிறைந்திருக்கிறது என்பதும் தெரியும். குறைவாகக் காட்டினால் பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பியை இயக்குங்கள்; சில போர்டுகளில் டிஓசிபி அல்லது ஏ-எக்ஸ்எம்பி என்ற பெயரில் இருக்கும். ரைசனில் கோர்களை இணைக்கும் உள்பாதையும் ராமின் வேகத்தோடு சேர்ந்தே ஓடுகிறது: 3200 ராமுக்கு 1600 மெகாஹெர்ட்ஸ், 2400க்கு 1200தான். ஆகவே இழப்பு இரட்டிப்பு.

இரண்டாவது ஸ்டிக் வாங்கும்போது அதே கம்பெனி, அதே மாடல் எண், அதே 16 ஜிபி என்று பார்த்து வாங்குங்கள். இருப்பதைக் கழற்றி கையோடு கொண்டுபோய் ஸ்டிக்கரைக் காட்டுவது நல்லது. போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தால் ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் செருகினால் இரண்டும் ஒரே சேனலில் போய்விடும், வாங்கியதன் நோக்கமே கெடும். ஜோடி ஒத்துப்போகாமல் மெஷின் எழாவிட்டால் எக்ஸ்எம்பியை வைத்துக்கொண்டே வேகத்தை மட்டும் 3000 அல்லது 2933க்கு இறக்குங்கள். 2025 கடைசியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியிருப்பதால் செகண்ட் ஹேண்ட் எடுக்கலாமா என்று தோன்றும். எடுக்கலாம், ஆனால் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ராத்திரி முழுக்க ஓட விட்டு ஒரு பிழைகூட வராவிட்டால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிழை வந்தால் திருப்பித் தரலாம் என்று கடைக்காரரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

அடுத்தது சூடு. சென்னையில், அதுவும் மொட்டை மாடிக்குக் கீழ் அறையில், இதைத் தனியாகவே பேச வேண்டும். ஃபேனால் உள்ளே வரும் காற்றைவிடக் குளிர்ச்சியாக ப்ராசசரை ஆக்க முடியாது. அறையின் வெப்பம் பத்து டிகிரி ஏறினால் ப்ராசசரின் வெப்பமும் ஏறக்குறைய பத்து டிகிரி ஏறும். ஜனவரியில் 78 டிகிரியில் ஓடிய அதே மெஷின் கத்திரி வெயிலில் 90ஐத் தொடுவது இப்படித்தான். 3600க்கு எல்லை 95 டிகிரி. அதை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே கேமை, ஒரே இடத்தில், காலை ஆறு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் வெப்பத்தையும் கோர் வேகத்தையும் பாருங்கள். எஃப்பிஎஸ் மதியம் மட்டும் சரிந்தால் உங்களுக்குத் தேவை புது ப்ராசசர் அல்ல, காற்று. கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டுக் கால் மணி நேரம் விளையாடுங்கள். வெப்பம் ஐந்து டிகிரிக்கு மேல் இறங்கினால் கேபினெட்டுக்குள் காற்று வருவதில்லை என்று அர்த்தம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினெட்களில் இதைத் தவிர வேறெதையும் எதிர்பார்க்க முடியாது; அழகுக்காக மூச்சை அடைத்த வடிவமைப்பு அது. முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள, அவ்வளவு போதும். 2020லிருந்து மாற்றாத தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். அதை மாற்றி, ஹீட்சிங்க்கின் இடுக்குகளில் ஒட்டிய தூசியை ப்ளோயரால் ஊதி எடுங்கள். ஊதும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பெட்டியோடு வரும் சிறிய ஹீட்சிங்க் இந்த ஊருக்கு ஏசி அறையில் சரி, உங்கள் அறைக்குக் கொஞ்சம் கஷ்டம். 120 மில்லிமீட்டர் ஃபேன் வைத்த ஒரு டவர் கூலர் வாங்கினால் இப்போதும் உதவும், பிறகு ப்ராசசரை மாற்றினாலும் கூடவே வரும்.

இவ்வளவும் செய்த பிறகு மறுபடி அளங்கள். இப்போது முடிவெடுக்கலாம். நீங்கள் அதிக நேரம் செலவழிக்கும் கேமில், உங்களுக்கு எரிச்சல் தரும் அதே இடத்தில், கார்டு இன்னும் 85 சதவீதத்துக்குக் கீழ், ஒரு சதவீத லோ உங்களுக்கு வேண்டிய அளவுக்குக் கீழ், 720க்கு இறக்கினாலும் எஃப்பிஎஸ் ஏறவில்லை. மூன்றும் சேர்ந்தால் ப்ராசசரை மாற்றுங்கள், தயங்க வேண்டாம். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் பணத்தைக் கையில் வையுங்கள். ப்ராசசருக்கு வயதானது ஒரு காரணமே அல்ல. 2019ல் வந்த சிப் என்பதால் அது வேலையை மறந்துவிடாது.

மாற்றுவதென்றால் இருக்கும் பி450 போர்டிலேயே மாற்றலாம். உங்களுக்கு நான் முதலில் சொல்வது ரைசன் 5 5600. இதுவும் 6 கோர், 12 த்ரெட்தான். காகிதத்தில் பார்த்தால் என்ன வித்தியாசம் என்று தோன்றும். வித்தியாசம் உள்ளமைப்பில். இதன் 32 எம்பி கேஷ் பிரிக்கப்படாமல் ஆறு கோருக்கும் பொதுவாக இருக்கிறது. அதே வேகத்தில் ஓடும்போது ஒரு கோர் செய்யும் வேலை முந்தைய தலைமுறையைவிடச் சராசரியாக 19 சதவீதம் கூடுதல் என்று ஏஎம்டி இந்தத் தலைமுறையை அறிமுகம் செய்தபோது சொன்னது. மின்சக்தி அளவு 3600 போலவே 65 வாட், ஆகவே எஸ்எம்பிஎஸ்ஸைத் தொட வேண்டாம். 5600எக்ஸ் ஏறக்குறைய இதேதான். விலை ஒன்றாக இருந்தால் மட்டும் எடுங்கள்.

விலை குறைவு என்று ரைசன் 5 5500ஐயோ 5600ஜியையோ கடையில் நீட்டுவார்கள். பெயர் அடுத்தடுத்து இருந்தாலும் இரண்டிலும் எல்3 கேஷ் பாதிதான், 16 எம்பி. தனி கிராபிக்ஸ் கார்டு வைத்திருக்கும் உங்களுக்கு அவை வேண்டவே வேண்டாம். எண்ணின் கடைசி எழுத்தைப் பார்த்து வாங்குங்கள்.

5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி இரண்டும் இந்தப் போர்டுக்கு வந்தவற்றிலேயே கேமுக்கு மிகச் சிறந்தவை. 8 கோர், 96 எம்பி கேஷ். வேலரன்ட் மாதிரியான ஆட்டங்களிலும் விமானம் ஓட்டும், நகரம் கட்டும் சிமுலேஷன்களிலும் அந்த கேஷ் பெரிய அளவில் பேசும். ஆனால் இவை கடைகளில் அரிதாகிவிட்டன. இருப்பதும் 3060ஐ வைத்துக்கொண்டிருப்பவருக்கு நியாயமான விலையில் இல்லை. இன்னும் ஓரிரு வருடத்தில் பெரிய கார்டு போடப் போகிறீர்கள் என்றால் தேடலாம். இவற்றோடு ஃபேன் வராது, வெப்ப எல்லையும் 90 டிகிரிதான், ஆகவே டவர் கூலர் கட்டாயம்.

முதல் கடைக்காரர் சொன்னதுபோல் எல்லாவற்றையும் மாற்றினால் என்ன? ஏஎம்டியின் புது சாக்கெட்டான ஏஎம்5 நல்ல தளம்தான். 2027க்கும் அதற்குப் பிறகும் அந்த சாக்கெட்டைத் தொடரப்போவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஆனால் அதற்கு டிடிஆர்5 ராம் மட்டுமே பொருந்தும். ராம் விலை ஏறிக் கிடக்கும் நேரத்தில், நன்றாக ஓடும் டிடிஆர்4ஐத் தூக்கிப்போட்டுவிட்டுப் புது போர்டு, புது ராம், புது ப்ராசசர் என்று வாங்கினால் முப்பதாயிரம் மூச்சு முட்டும். கார்டு அதே 3060தான் இருக்கும். சைபர்பங்கின் வெட்டவெளியில் பழைய எஃப்பிஎஸ்ஸே வரும். போர்டு பழுதானால், அல்லது கார்டை இரண்டு மடங்கு சக்திக்கு உயர்த்தும்போது 5600 போதாமல் போனால், அப்போது ஏஎம்5 பேசலாம். டிடிஆர்4ஐ வைத்துக்கொண்டே இன்டெல் ஐ5 12400எஃப்புக்கு மாறச் சொல்வோரும் உண்டு. கேமில் 5600க்கு ஏறக்குறைய சமமான ப்ராசசர் அது. அதற்காகப் புது போர்டுக்கும் காசு கொடுப்பது எதற்கு? செகண்ட் ஹேண்டில் இன்டெல் 13, 14ஆம் தலைமுறையின் பெரிய சிப்கள் மலிவாகத் தெரிந்தால் தள்ளியே இருங்கள். மின்னழுத்தக் கோளாறால் அவற்றில் பல நிலைகுலைந்தன. அதற்கான திருத்தங்கள் 2024 ஆகஸ்டிலிருந்துதான் வரத் தொடங்கின. அதற்கு முன் தேய்ந்த சிப்பைத் திருத்தம் குணப்படுத்தாது.

வாங்கும்போது சீல் உடையாத பெட்டியாக வாங்குங்கள். பெட்டியின் பக்கவாட்டு ஜன்னல் வழியாக சிப்பின் மேல் அச்சிட்டிருக்கும் பெயர் தெரியும், படித்துப் பாருங்கள். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள். பெட்டியில் வரும் சிப்புக்கு ஏஎம்டியின் மூன்று வருட வாரண்டி உண்டு. ட்ரே சிப் என்று பெட்டியில்லாமல் கொடுப்பதற்கு அது கிடையாது, கடைக்காரரின் வாய்ச்சொல்தான். ஐந்நூறு ஆயிரம் மிச்சம் பிடிக்கப்போய் அதை எடுக்காதீர்கள்.

மாற்றும் வேலையில் வரிசை மிக முக்கியம். பழைய ப்ராசசர் போர்டில் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். 2018ல் வந்த பி450க்கு 5000 வரிசை என்றால் என்னவென்றே தெரியாது. புதுப்பிக்காமல் மாற்றினால் ஃபேன் சுழலும், திரை இருட்டாகவே இருக்கும். போர்டு கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணை, பின்னால் வரும் ஒவ்வொரு எழுத்தையும் சேர்த்துத் தேடி, ஆதரிக்கும் ப்ராசசர் பட்டியலில் 5600 இருக்கிறதா, எந்தப் பயாஸிலிருந்து என்று பாருங்கள். அந்தக் கோப்பை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் போட்டு, பயாஸுக்குள் இருந்தே புதுப்பியுங்கள். விண்டோஸிலிருந்து செய்ய வேண்டாம். மெஷின் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். பாதியில் கரண்ட் போனால் போர்டே போய்விடும். முடிந்ததும் செட்டிங்குகள் அழிந்திருக்கும், எக்ஸ்எம்பியை மீண்டும் இயக்குங்கள். புது பயாஸில் பழைய 3600ஐயே இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள்.

கழற்றும் நாளில் பத்து நிமிடம் ஒரு கேமை ஓட்டிவிட்டு ஷட்டவுன் செய்து, மெயின் ஸ்விட்ச்சை அணைத்து, ஒயரைப் பிடுங்குங்கள். சூட்டில் பேஸ்ட் இளகியிருக்கும். ஹீட்சிங்க்கின் நான்கு ஸ்க்ரூவையும் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, இடமும் வலமும் மெதுவாகத் திருகிவிட்டுப் பிறகுதான் தூக்க வேண்டும். நேராக இழுத்தால் காய்ந்த பேஸ்ட் ப்ராசசரைப் பூட்டிய சாக்கெட்டிலிருந்தே பிடுங்கிக்கொண்டு வரும். உங்கள் போர்டின் சாக்கெட்டான ஏஎம்4ல் 1331 பின்கள் ப்ராசசரின் அடியில் இருக்கின்றன, வளைந்தால் வேதனைதான். பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். லீவரைத் தூக்கி, மூலையில் உள்ள தங்க நிற முக்கோணத்தை சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து வைத்தால் ப்ராசசர் தானாக இறங்கி உட்காரும். அழுத்தவே கூடாது, உட்காரவில்லை என்றால் திசை தவறு. நடுவில் ஒரு பட்டாணி அளவு பேஸ்ட் போதும்.

புது ப்ராசசரோடு முதல் முறை ஆன் செய்யும்போது எஃப்டிபிஎம் (ப்ராசசருக்குள் இருக்கும் பாதுகாப்புச் சாவிப் பெட்டகம்) மாறிவிட்டது, அழிக்கவா என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வரும். பலர் இதைக் கண்டு பயந்து அணைத்துவிடுகிறார்கள். ஒய் அழுத்தலாம். ஆனால் விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்கிக்கொண்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் டிஸ்க் திறக்காது. இதனால்தான் விண்டோஸ் 11ஐ ப்ராசசர் மாற்றத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

அதற்காக ப்ராசசரை மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ரைசன் 2000 வரிசையில் இருந்தே பெரும்பாலானவை விண்டோஸ் 11ன் பட்டியலில் இருக்கின்றன. உங்கள் 3600ம் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டதால் மாறுவது நல்லதுதான். பயாஸில் எஃப்டிபிஎம்மையும், நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடும் செக்யூர் பூட்டையும் இயக்க வேண்டும். விண்டோஸ் 11ல் வேலரன்ட் திறக்கவும் இவை இரண்டும் தேவை. டிஸ்க்கின் பகுதிகள் பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருந்தால் முதலில் புதிய ஜிபிடி முறைக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் செக்யூர் பூட் வேலை செய்யாது. பழைய பயாஸ் வைத்திருந்த ரைசன் மெஷின்களில் எஃப்டிபிஎம்மை இயக்கினால் அவ்வப்போது எல்லாம் ஒரு நொடி உறைந்து நிற்கும் கோளாறு இருந்தது. 2022ல் ஏஎம்டி அதை ஒப்புக்கொண்டு, பயாஸுக்குள் தான் தரும் அடிப்படை நிரலான ஏஜெசாவின் 1.2.0.7 பதிப்பில் சரிசெய்தது. ஆகவே ப்ராசசரை மாற்றாமல் நிறுத்திக்கொண்டாலும், விண்டோஸ் 11க்குப் போவதற்கு முன் உங்கள் பயாஸ் அந்தப் பதிப்பிலோ அதற்குப் பிந்தையதிலோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.